பாயில் சொன்னது

பல்லிக்காக வேண்டிக்கிட்டு இருக்கான் என் மகன். ஏசப்பா, டியூப்லைட்டுக்குப் பின்னால இருக்குற பல்லிக்கு வால் போயிட்டு, அதுக்கு சீக்கிரம் வால் குடுங்க. நெகேமியாவுக்கு ஆறு வயசு. இவனுக்கு முன்னால ஒரு நாளும் நான் பல்லிக்கு ஆமென் சொன்னதில்ல. செவ்வாய்க்கிழமை, சாயங்காலம் ஏழு மணி, எங்க வீட்டுக் குடும்ப ஜெபம். பாட்டு முடிஞ்சுது, வேதம் ஆளுக்கு ரெண்டு வசனம் வாசிச்சு முடிஞ்சுது, இப்ப நாலு பேரும் கோரைப்பாயில முழங்கால் போட்டு கண்ணை மூடியிருக்கோம். சின்ன ஆள்ல இருந்து பெரிய ஆள் வரைக்கும், அதுதான் வரிசை. நெகி முதல்ல, பெறகு ஜெமிமா, பெறகு நான், கடைசியில இவுக, என் வீட்டுக்காரர் கில்பர்ட். இன்னைக்கு அந்த வரிசையை நெனைச்சாலே பயமா இருக்கு. நெகி முடிச்சா அடுத்தது ஜெமிமா. பன்னெண்டு வயசு. ஞாயித்துக்கிழமை மத்தியானத்துல இருந்து, சோறு வேணும், வேண்டாம், இதுக்கு மேல என்ட்ட ஒரு வார்த்தை பேசல. அன்னைக்கு ஜெப நேரத்துல வயித்துவலின்னு படுத்துக்கிட்டா. நேத்து பரீட்சைன்னு சொன்னா. இன்னைக்கு இவுக, "ஒரு சாக்கும் கெடையாது, எல்லாரும் பாய்க்கு வாங்க"ன்னு சத்தம் குடுத்துட்டாக. வந்தா. எப்பவும் என் பக்கத்துல, அவ முழங்கை என் விலாவுல இடிக்க இடிக்கத்தான் உக்காருவா, நானும் தள்ளி உக்காருட்டின்னு ஏசுவேன். இன்னைக்கு எதுத்தாப்புல போய் இருந்துக்கிட்டா. ஏசுறதுக்கு ஆள் இல்லாம என் வலது பக்கம் சும்மா கெடக்கு. நெகி, மெதுவா ஜெபி ராசா. ஊர்ல எத்தனை பல்லி இருக்கோ அத்தனைக்கும் வேண்டிக்கோ. அடுப்புல குக்கர் அடங்கட்டும், மேல் வீட்டு டிவியில அழுகிறவ அழுது முடிக்கட்டும், ஒண்ணும் அவசரம் இல்ல.

பாயில சொன்னது பாயோட. இந்தச் சட்டத்தைப் போட்டது யாரு? இவுக இல்ல. நாந்தான். ஜெமிமா சொந்தமா ஜெபிக்க ஆரம்பிச்சப்ப நாலு வயசு இருக்கும், அப்பவே கூப்பிட்டு வச்சு சொன்னேன், ஏசப்பாட்ட என்ன வேணா சொல்லலாம்ட்டி, இந்தப் பாயில சொன்னதுக்கு அடி கெடையாது, ஏச்சு கெடையாது, ஆமென் சொன்ன பெறகு அதைப்பத்தி யாரும் ஒரு கேள்வி கேக்கக்கூடாது. அப்பாவுமான்னு கேட்டா. அப்பாவுந்தான்னேன். நம்பினா. நம்பாம என்ன செய்வா, பெத்தவ சொல்லுதேன். பால்பவுடரை அள்ளித் தின்னது, கணக்கு டீச்சருக்கு காய்ச்சல் வரணும்னு ஆசைப்பட்டது, நெகி பொறந்த புதுசுல அவனை ஆஸ்பத்திரியிலயே திருப்பிக் குடுத்துட்டு வந்துருவோமான்னு தோணினது, எல்லாம் இந்தப் பாயில வந்து விழுந்துச்சு. நான் உதட்டைக் கடிச்சு சிரிப்பை அடக்கிக்கிட்டு ஆமென் சொல்லுவேன், எந்திரிச்சுப் போய் பால்பவுடர் டப்பாவை மேல் தட்டுல வைப்பேன், அவ்வளவுதான். இந்தச் சட்டமே எங்கப்பாவால வந்தது. எங்கப்பா உபதேசியார், பாதிரி ஐயர் வராத வாரமெல்லாம் சபையை நடத்துறவரு. நான் ஒம்பதாங்கிளாஸ் படிக்கிறப்ப ஒருநாள் குடும்ப ஜெபத்துல தேம்பித் தேம்பி அழுது சொன்னேன், பரீட்சையில பக்கத்துல இருந்தவளைப் பாத்து எழுதிட்டேன் ஆண்டவரேன்னு. அப்பா நிதானமா ஆமென் சொன்னாரு. நிதானமா எந்திரிச்சாரு. பிரம்போட வந்தாரு. ஆண்டவர் மன்னிச்சிட்டாரு, நான் இன்னும் மன்னிக்கலன்னாரு. கணுக்கால்ல மூணு அடி. அதுக்குப் பெறகு எங்கப்பா முன்னால நெசமா ஒரு வார்த்தை நான் ஜெபிச்சதில்ல. அழகா ஜெபிச்சேன். அடேங்கப்பா, எவ்வளவு அழகா. கன்வென்ஷன் பந்தல்ல மைக்கைக் கையில குடுத்து, எப்சிபா நீ ஜெபிம்மான்னு சொல்லுற அளவுக்கு. என் பிள்ளைக அப்படி ஆகக்கூடாதுன்னு நெனைச்சேன். நெனைச்சது நல்லாத்தான் இருந்துச்சு.

நெகி பல்லியை விட்டுட்டு அவன் ஸ்கூல் வேன் டிரைவருக்குப் போயிட்டான். டிரைவர் மாமாவுக்கு மீசை நல்லா வளரணும். வளரட்டும். அன்னைக்கு என்ன கெழமை, மூணு வாரத்துக்கு முன்னால ஒரு திங்கக்கிழமை, இதே பாய், இதே நேரம், ஜெமிமா வாயைத் திறந்து சொன்னா: ஏசப்பா, நான் பேசுறது உங்களுக்குக் கேக்குதான்னே தெரியல. செவுத்துட்ட பேசுற மாதிரி இருக்கு. நீங்க இருந்தா எனக்குத் தெரியிற மாதிரி ஏதாவது பண்ணுங்க, இல்லாட்டி நான் எதுக்கு டெய்லி வாறேன், ஆமென். நான் கண்ணைத் திறந்து அவளைப் பாத்தேன். இவுக ஒண்ணும் நடக்காத மாதிரி ஆமென் சொல்லிட்டாக, ஆபீஸ்ல இருந்து வந்த அசதி, பாதி தூக்கத்துல இருந்திருப்பாக. அன்னைக்கு நான் அவளை இழுத்து மடியில போட்டு, எனக்கும் பலநாள் அப்படித்தான்டி இருக்கும்னு ஒத்த வார்த்தை சொல்லியிருக்கலாம். அது பொய்யும் இல்ல. ஆனா கேள்வி கேக்கக்கூடாதுன்னு சட்டம் போட்டவ நான். அதனால தோசை சுட்டேன். அவ ரெண்டு தோசை தின்னா, இன்னும் கொஞ்சம் சட்னின்னு கேட்டா. பிள்ளை மனசுல இருந்ததை இறக்கி வச்சிட்டு நிம்மதியா தின்னுது. நாந்தான் அதைத் தூக்கிக்கிட்டு அலைஞ்சேன். காய்கறிக்காரன்ட்ட மிச்சக் காசு வாங்காம வந்தேன். எங்க தப்பு பண்ணினேன், யாரோட சேந்து இப்படிப் பேசுதா, நாளைக்கு கோயிலுக்கே வரமாட்டேன்னு சொல்லிட்டா எங்கப்பா முகத்துல எப்படி முழிப்பேன். எங்கப்பா செத்து எட்டு வருசம் ஆச்சு. அப்பவும் அவர் முகத்துலதான் முழிக்கணும் எனக்கு.

போன வியாழக்கிழமை பெண்கள் ஐக்கிய சங்கம். ஜெபக் குறிப்பு சொல்லுற நேரம். ஒருத்தி மாமனாருக்கு சுகர்ன்னா, ஒருத்தி மகனுக்கு வேலைன்னா, இன்னொருத்தி மருமக தனியா போகணும்ங்கான்னு சொல்லி மூக்கைச் சிந்தினா, எல்லாரும் உச்சுக் கொட்டினாக. அடுத்து நான். ரெண்டு நாளா எனக்கு நானே சொல்லிக்கிட்டு இருக்கேன், பயத்துலதான் சொன்னேன்னு. பயம் இருந்துச்சு, இல்லன்னு சொல்லல. ஆனா பயந்தவ ஐயரம்மாவைத் தனியா கூப்பிட்டு காதுல சொல்லியிருப்பா. முப்பது பேருக்கு நடுவுல எந்திரிச்சு நின்னு சொல்லமாட்டா. என் மக ஜெமிமா, சின்னப்பிள்ளை, எங்க வீட்டுப் பாயில பிள்ளைக ஒளிவுமறைவே இல்லாம மனசைத் திறந்து ஜெபிப்பாங்க, அப்படி ஜெபிச்சப்ப சொன்னா, செவுத்துட்ட பேசுற மாதிரி இருக்குன்னு, பாரத்தோட ஜெபிச்சுக்கோங்கக்கா. எங்க வீட்டுப் பாயாம். ஒளிவுமறைவே இல்லையாம். அதை எடுத்துக் காட்டணும்னு ஆசை வந்துட்டு எனக்கு. உங்க வீட்டுப் பிள்ளைக வசனம் ஒப்பிக்கும், எங்க வீட்டுப் பிள்ளைக மனசைத் திறக்கும், பாருங்கன்னு. பெருமை. வேற பேர் வச்சு அதைக் குளிப்பாட்ட முடியாது. கண்ணீர் வேற வந்துச்சு, நெசக் கண்ணீர்தான். ரெண்டு பேர் என் கையைப் பிடிச்சுக்கிட்டாக. சுகமா இருந்துச்சு. தூ. முடிஞ்சதும் வாழைக்காய் பஜ்ஜியும் காப்பியும் குடுத்தாக, பஜ்ஜி நல்லாயிருக்குக்கான்னு சொல்லி இன்னொண்ணு வாங்கித் தின்னேன். அந்தக் கூட்டத்துல ரோஸ்லின் டீச்சரும் இருந்தா. ஓய்வுநாள் பள்ளியில ஜெமிமா வகுப்பை எடுக்குறவ. எனக்குத் தெரியாதா? தெரியும். அவளும் என் கையைப் பிடிச்சவள்ல ஒருத்தி.

ரோஸ்லின் நல்ல மனுசி, அதுதான் கொடுமை, கெட்டவளா இருந்தா தெருவுல நின்னு நாலு வார்த்தை கேட்டுட்டு வந்திருப்பேன். ஞாயித்துக்கிழமை மத்தியானம் போன் பண்ணுதா, குரல்ல அவ்வளவு சந்தோசம். எப்சிக்கா, இன்னைக்கு வகுப்புல ஆண்டவர் அருமையா கிரியை செஞ்சாரு, ஜெமிமாவை நடுவுல நிக்க வச்சு எல்லாப் பிள்ளைகளும் கையை நீட்டி ஜெபிச்சோம், அவளுக்கு விசுவாசம் பெருகணும்னு. நீ செவுத்துட்ட பேசுற மாதிரி இருக்குன்னதை உங்க அம்மா எவ்வளவு கண்ணீரோட சொன்னாங்க தெரியுமான்னு எல்லாப் பிள்ளைக முன்னாலயும் அவள்ட்ட சொன்னேன்க்கா, ஜெமிமா ஒரே அழுகை, தொட்டுட்டாரு. நான் போனை வச்சுக்கிட்டு சோத்துப்பானை முன்னால நின்னேன். ஆண்டவர் தொட்டு அழலட்டி என் மக. இருபத்தஞ்சு பிள்ளைக கை நீட்டிக்கிட்டு நிக்குது, நடுவுல வெள்ளைக் கவுனோட அவ. அந்தக் கவுன் நான் தச்சது. அப்படி நின்னிருக்கா. சாயங்காலம் நெகிதான் மிச்சத்தைச் சொன்னான், அவனுக்கு அது ஒரு விளையாட்டு. அம்மா, எல்லா அண்ணனும் செவுத்தை டொக்கு டொக்குன்னு தட்டி, ஏசப்பா கேக்குதா, ஜெமிமா பேசுதா, கேக்குதான்னு கேட்டாங்கம்மா. அவனும் எங்க வீட்டுச் செவுத்தைத் தட்டிக் காட்டினான். இவுக பேப்பரை மடக்கி வச்சிட்டாக. வீட்டு ஜெபத்துல சொன்னது எப்படில அங்க போச்சு, நீதான உளறினன்னாக. நான் இல்லப்பான்னான். பின்ன செவுரா போய்ச் சொல்லிச்சு, பொய் வேற சொல்லுதியாலன்னு காதைப் பிடிச்சுத் திருகிட்டாக. நான் வெங்காயம் நறுக்கிக்கிட்டு இருந்தேன். நறுக்கிக்கிட்டே இருந்தேன். நெகி அழுதான். அப்ப ஜெமிமா அடுப்படி வாசல்ல வந்து நின்னா. அவளுக்குத் தெரியும், டீச்சரே சொல்லியிருக்கா, உங்க அம்மா கண்ணீரோட சொன்னாங்கன்னு. என்னைப் பாத்தா. அம்மாதான் சொன்னாங்கன்னு அவ வாயில இருந்து வரும்னு நான் கத்தியைக் கீழ வச்சிட்டு நின்னேன். வரல. தம்பியை வெளிய கூட்டிட்டுப் போயிட்டா. அப்பாட்ட இன்னும் சொல்லல. நான் அவ ரகசியத்தை முப்பது பேர்ட்ட சொன்னேன், அவ என் ரகசியத்தை ஒரு ஆள்ட்டகூட சொல்லாம வச்சிருக்கா. பெத்தவ யாரு, பிள்ளை யாரு இங்க?

ஆமென்னுட்டான் நெகி. ஆமென் ஆமென்னு நாங்களும் சொன்னோம். இப்ப ஜெமிமா. ஃபேன் சுத்துது. மேல் வீட்டு டிவிக்காரி இன்னும் அழுகை. பாயோட கோரை முழங்கால்ல குத்துது, நகராம இருக்கேன், குத்தட்டும். ஏசுட்டி, என்னை ஏசு. அம்மா சொல்லிட்டாங்க ஏசப்பா, அம்மா சரியில்ல ஏசப்பான்னு சொல்லு, அடி கெடையாது, கேள்வி கெடையாது. எனக்கு செவுத்துட்ட பேசவே பிடிக்கலன்னு சொல்லு. வரமாட்டேன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போ, நான் உங்க அப்பாட்ட பேசிக்கிடுதேன். என்ன வேணா சொல்லு, உன் வார்த்தையில சொல்லு. தொண்டையைச் சரிபண்ணுதா. எங்கள் அன்பின் பரலோகப் பிதாவே. அய்யோ. இந்த நல்ல சாயங்கால வேளைக்காக உமக்கு ஸ்தோத்திரம் செலுத்துகிறோம் ஆண்டவரே. கடந்த நாட்களெல்லாம் எங்களைக் கண்மணிபோல் காத்து வந்தீரே, உமக்கு நன்றி. வியாதியஸ்தரை நினைத்தருளும், வழிப்பிரயாணம் செய்கிறவர்களை நினைத்தருளும். எங்கள் ஐயரவர்களை ஆசீர்வதியும். ஒரு எடத்துல தட்டல, ஒரு எடத்துல மூச்சு வாங்கல. எந்த எடத்துல குரலை ஏத்தணும், எந்த எடத்துல இறக்கணும், எல்லாம் தெரிஞ்சிருக்கு. தெரியாமலா இருக்கும், பன்னெண்டு வருசமா கேக்கா. பந்தல்ல மைக்கைப் பிடிச்சு நிக்கிற எப்சிபா. கணுக்கால்ல மூணு தடிப்போட, அப்பாவுக்கு முன்னால அழகா ஜெபிக்கிற எப்சிபா. பிரம்பை நான் கையால தொடல, ஆனா என் மக உள்ள போய் தாழ்ப்பாள் போட்டுட்டா. ஆமென். இவுகளுக்கு சந்தோசம் தாங்கல, ஜெப நேரத்துல பேசாதவுக, வாய்விட்டே சொல்லிட்டாக: "எப்சி, கேட்டியா? அப்படியே உன்னை மாதிரியே ஜெபிக்கா பாருட்டி."

என் முறை. என் வாய்க்கும் அதே வார்த்தைதான் ரெடியா நிக்குது, எங்கள் அன்பின் பரலோகப் பிதாவே, எடுத்துவிட்டா தானா ஓடும், குக்கரைப் பத்தி நெனைச்சுக்கிட்டே முடிச்சிடலாம். இல்லாட்டி இன்னைக்கு வேண்டாம், இவுக ஆபீஸ் போன பெறகு அவளைத் தனியா கூப்பிட்டு ஒரு ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்து சொல்லிக்கிடலாம். ஐஸ்கிரீமாம். இவுகளுக்குத் தெரிஞ்சா என்ன நெனைப்பாக, நெகி காதைத் திருகினப்ப எங்கட்டி போச்சு உன் வாய்ன்னு கேப்பாக, கேக்கட்டுமே, கேக்குறதுக்கு உண்டானதுதானே. நெகி என் சேலையைப் பிடிச்சு இழுக்கான், அம்மா உங்க டர்ன். சரி. ஆண்டவரேன்னேன். குரல் எனக்கே வேற யாரோ மாதிரி இருந்துச்சு. ஆண்டவரே, ஜெமிமா இந்தப் பாயில உம்மட்ட சொன்னதை நான் சங்கத்துல போய் சொல்லிட்டேன். பயந்தும் சொன்னேன், பெருமைக்கும் சொன்னேன். நெகி ஏச்சு வாங்கினப்ப நாந்தான்னு சொல்லாம வெங்காயம் நறுக்கினேன். பிள்ளைக்கு முன்னால எனக்கு வெக்கமா இருக்கு ஆண்டவரே. என்னை மன்னியும். ஆமென்.

யாரும் ஆமென் சொல்லல. பெறகு நெகி மட்டும் சத்தமா சொன்னான், "பாத்தீங்களாப்பா, நான் இல்லைன்னு அன்னைக்கே சொன்னேன்." எனக்குக் கண்ணீர் வந்துச்சு. கூடவே நெஞ்சுல இருந்து என்னமோ எறங்கின மாதிரி ஒரு லேசு. சொல்லியாச்சு, அவர் மன்னிச்சிருவாரு, முடிஞ்சுது. அந்த லேசு பழகின லேசுதான். வியாழக்கிழமை சங்கத்துல எந்திரிச்சு நின்னு அழுதப்பவும் இதே மாதிரிதான் இருந்துச்சு. அது தெரிஞ்சதும் அழுகை நின்னுட்டு.

"அம்மா."

ஜெமிமாதான். ரெண்டு நாளைக்குப் பெறகு அம்மாங்கா.

"என்னட்டி?"

"நீங்க ஏசப்பாட்ட சொல்லுதீங்க." அதோட நிறுத்தல. "அவரையா சுத்தி நிக்க வச்சு கை நீட்டினாங்க? அவர்ட்டயா செவுத்தைத் தட்டிக் காட்டுனாங்க? என்னையத்தான். என்ட்ட சொல்லுங்கம்மா."

"ஏட்டி, அம்மாட்ட இப்படியா…"ன்னு இவுக ஆரம்பிச்சாக. "நீங்க சும்மா இருங்க"ன்னேன். கல்யாணமாகி பதினாலு வருசத்துல பாயில வச்சு இவுகளை அப்படிச் சொன்னதில்ல. முழங்காலாலயே நகந்து அவ முன்னால போனேன். வாயைத் திறந்தா ஆண்டவரேன்னு வருது. அதை முழுங்கினேன். மறுபடி திறந்தா மறுபடி அதுவேதான் வருது. பந்தல்ல ஆயிரம் பேருக்கு முன்னால நிறுத்தாம ஜெபிக்கிற வாய், பன்னெண்டு வயசுப் பிள்ளைக்கு முன்னால திக்குது. அவ காத்துக்கிட்டு இருந்தா. எடுத்துக் குடுக்கல, விட்டும் குடுக்கல.

"நீ நம்பிச் சொன்னதை நான் வெளிய சொல்லிட்டேன் ஜெமி. நான் செஞ்சது தப்பு. என்னை மன்னிச்சிரு."

கவுன் நுனியால மூக்கைத் துடைச்சா.

"யோசிச்சு சொல்லுதேன்"ன்னா.

சரின்னேன்.